கைப்பிரதிப் பையைக் கீழே வைத்த பிறகு

1991ஆம் ஆண்டு எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு சந்திப்புக்காக இருவர் இருவராகப் பிரிந்து சென்றபோது, தக்கலைக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த பத்துப் பன்னிரண்டு வீடுகள் என் பங்குக்கு வந்தன. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோளில், வேத வசனங்கள் அச்சிட்ட சிறு தாள்களான கைப்பிரதிகள் நிறைந்த துணிப்பை. மனத்தில், இந்த மக்கள் கேள்விப்படாத ஒன்றை நான் சுமந்து செல்கிறேன் என்ற பெருமிதம். மூன்றாவது வீட்டு முற்றத்தில் ஒரு பாட்டி, நெற்றியில் திருநீற்றோடு, நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். அடுத்தடுத்து வீடுகள் காத்திருந்தபடியால் நான் உட்காரவில்லை. நின்றபடியே 23ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி முடித்து, கைப்பிரதியை நீட்டினேன். அவர் அதை வாங்காமல், "நடுவில ஒரு வரிய விட்டுட்டே மக்ளே" என்றார். 'உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்' என்ற அடியை, மிளகைக் கிளறிக்கொண்டே, அவர்தான் சொல்லித் தந்தார். ஐந்தாம் வகுப்பு வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். "இந்தப் பேப்பர்ல உள்ளது எனக்குத் தெரியும் மக்ளே. நீ யாருன்னுதான் தெரியல்ல."

நல்லமிளகுப் பாட்டி என்று நானாகப் பெயர் வைத்துக்கொண்ட அவருடைய அந்த வார்த்தை, இந்த முப்பது ஆண்டுகளில் நான் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும்விட அதிகமாக என்னைத் திருத்தியிருக்கிறது. குமரி மாவட்டத்தில் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ள நினைக்கும் ஒருவர் முதலில் உணரவேண்டியது, இங்கே எவருக்கும் கிறிஸ்தவம் புதிய செய்தி அன்று என்பதுதான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் 48 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கிறிஸ்தவர்கள் 46 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒரு சுவர் இடைவெளியில் கோயிலும் சபையும் நிற்கும் ஊர்கள் ஏராளம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும் முறுக்கும் அச்சு முறுக்கும், ஓணத்துக்கும் பொங்கலுக்கும் அதே பாத்திரத்தில் வேறு பண்டங்களாகத் திரும்பி வரும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கள் வேதம் ஓரளவு தெரியும். எங்கள் சண்டைகளும், வரப்புத் தகராறுகளும், சபைத் தேர்தலில் நடந்தவையும் நன்றாகவே தெரியும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் என் வயதொத்தவர்கள் எவரும் மறக்கவில்லை. குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து இரு தரப்பினரிடமும் பேசி அமைதிக்காக உழைத்ததைப் பெரியவர்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வார்கள். அந்த நினைவு உள்ள மண்ணில், கோயிலைப் பார்த்து ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு தெருப் பிரசங்கம் செய்வது துணிச்சல் அன்று, மரியாதைக் குறைவு என்பதே என் கருத்து. இதை எங்கள் சங்கத்தில் சொன்னதற்காக இரண்டு ஆண்டுகள் என்னோடு பேசாதிருந்தவர்களும் உண்டு.

பாட்டியின் வீட்டுக்கு நான் மறுபடியும் போனேன். அந்த முறை பையை வீட்டிலேயே வைத்துவிட்டு. அதன் பிறகுதான் நான் பேசுவதைக் காட்டிலும் மற்றவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று கவனிக்கத் தொடங்கினேன்.

சொற்களின் காரியம் எவ்வளவு பெரியது என்பதை எனக்குப் புரியவைத்தவர்கள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்த பெண்கள். அக்கம்பக்கத்து வீடு ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த ஜெபக் கூட்டத்துக்கு, வேலை முடிந்த கையோடு ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து வெடித்திருக்கும். ஒரு நாள் நான், நாம் எல்லாரும் பாவிகள் என்பதை அரை மணி நேரம் விளக்கினேன். முன்னால் இருந்த ஒரு பெண் அமைதியாகத் தலையசைத்து, "ஆமா அக்கா, நாங்க பாவப்பட்டவங்கதான். அது தெரிஞ்சுதானே எங்களத் தேடி வந்திருக்கிய" என்றார். எங்கள் பக்கத்தில் பாவப்பட்டவர் என்றால் ஏழை. 'ஐயோ பாவம்' என்றால் இரக்கம். நான் குற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் தங்கள் வறுமையைப் பற்றிப் பேசுவதாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறந்தது முதல் சபைக்குள்ளேயே வளர்ந்த எனக்கு, இரட்சிப்பு, பரிசுத்தமாகுதல், கிருபை, மனந்திரும்புதல் என்று நாங்கள் அடுக்கும் சொற்கள் எல்லாம் வெளியே வேறு பொருளில் வழங்கலாம், அல்லது பொருளே இல்லாமல் ஒலிக்கலாம் என்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தை எடுத்துக்கொண்டேன். லூக்கா எழுதியதில் பாவங்களை மன்னியும் என்று இருக்கும். மத்தேயு எழுதியதிலோ 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று இருக்கும். கடன் என்ற சொல்லைச் சொன்னதும் அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கந்துவட்டிக்காரன் வரும் நாள், குழுக் கடனுக்குத் தவணை கட்டும் நாள், நகையை மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போன நாள் என்று அவர்களுடைய மாதம் முழுவதும் கடனால்தான் எண்ணப்பட்டது. ஒருவர் கேட்டார்: "அக்கா, அந்தத் தள்ளுபடி முதலும் சேர்த்தா, வட்டி மட்டுமா?" அவ்வளவு கூர்மையான கேள்வியை என்னிடம் எந்த வேதபாட வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. முதலும் சேர்த்துத்தான் என்றேன். அப்படியானால் நமக்குத் தரவேண்டியவர்களையும் விட்டுவிட வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். அடுத்த ஒரு மணி நேரம் பேசியவர்கள் அவர்கள்தாம். ஒருவருக்கு அவருடைய மொழியில் சொல்லவேண்டும் என்பதை, எளிமையாகச் சொல்வது என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு எளிமையான உரை தேவைப்படவில்லை. அவர்கள் நாள்தோறும் சுமந்த சொல் ஒன்று எங்கள் ஜெபத்துக்குள்ளேயே இருந்தும், அதைத் தேடி எடுக்க எனக்குத்தான் தோன்றவில்லை.

சபைகளுக்குள்ளேயே சொற்கள் வேறுபடும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சீர்திருத்தச் சபையாராகிய நாங்கள் ஞானஸ்நானம் என்பதைக் கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள். நாங்கள் போதகர் என்றால் அவர்கள் பங்குத்தந்தை என்பார்கள். எங்கள் வேதாகமம் அவர்களுக்கு விவிலியம். கடற்கரை ஊர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் செபிக்கும்போது சர்வேசுரா என்று அழைத்ததைக் கேட்டு, எங்களோடு வந்த இளம்பெண் அது வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள். இத்தகைய இடங்களில் நான் கடைப்பிடிக்கும் வழக்கம் எளியது: அவர் கடவுளை எப்படி அழைக்கிறாரோ அப்படியே அன்றைக்கு நானும் அழைப்பேன்.

அலுவலகத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார். அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியைச் சேர்ந்தவர்; தீச்சுடர் வடிவில் மேல்நோக்கி எழும் வெண்ணிறத் திருநாமம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்குப் புதிய ஏற்பாடோ சிறு புத்தகமோ கொடுப்பேன், மறுக்காமல் வாங்கிக்கொள்வார். ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "உங்க புத்தகத்த நான் ஏழெட்டுத் தடவ வாங்கி வச்சிருக்கேன். எங்க ஏட்ட நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கியளா?" என்றார். கேட்டதில்லை. அந்தக் கார்த்திகையில், அவர் ஊரில் அய்யாவழியினர் வழிபடும் நிழல் தாங்கலில் 17 நாள் நடக்கும் திருஏடு வாசிப்பில் ஒரு மாலை போய் அமர்ந்தேன். கருவறையில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி இருப்பதையும், ஆண்கள் தலைப்பாகை கட்டியே உள்ளே செல்வதையும் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். தலையில் துணி கட்டும் உரிமைகூட மறுக்கப்பட்ட மக்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் கொடுத்த அடையாளம் அது என்று அவர் விளக்கியபோது, எங்கள் வீட்டில் சொல்லப்படும் தோள்சீலைப் போராட்டக் கதை நினைவுக்கு வந்தது. மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பட்ட துன்பமும், 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு வேறு வழியின்றி வெளியிட்ட அறிவிப்பும் எங்கள் வீட்டில் மிஷனரிகளின் கதையாகவே சொல்லப்படும். அவர் வீட்டில் அதே கதை வைகுண்டரைச் சுற்றிச் சொல்லப்பட்டது. எங்கள் பாட்டிமாரும் அவர்கள் பாட்டிமாரும் ஒரே வரிசையில் நின்றவர்கள் என்பதும், பிறகு ஒரு குடும்பத்தின் கிளைகள் இரண்டு திசையில் போயின என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம் என்ற அவர்களுடைய வாக்கை எதிர்க்க எனக்கு ஒன்றும் இல்லை. எதிர்க்க முற்பட்டிருந்தால் நான் மலைப்பிரசங்கத்தையே எதிர்த்தவளாவேன்.

ஆனால் அந்த நட்பில் எனக்கு வந்த சோதனை வேறு. "உங்க சபையில கல்யாணம் பேசும்போது சாதி கேக்கமாட்டாங்களா?" என்று அவர் ஒரு நாள் கேட்டார். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற வசனம் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "கேட்பார்கள் அண்ணே. என் கல்யாணத்துக்கும் கேட்டார்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, இதை ஒப்புக்கொண்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அதற்குப் பிறகுதான், நான் கொடுத்த புத்தகங்களில் ஒன்றைத் தாம் படித்திருப்பதாகவும், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய பகுதியை மட்டும் இரண்டு முறை படித்ததாகவும் சொன்னார். அவர் இன்றும் அய்யாவழியின் தலைமைப்பதியான சாமித்தோப்புக்குப் போகிறவர்; நான் இன்றும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவள். கேள்வி கேட்பவரிடம் நம் பக்கத்தின் குறையை மறைத்துவிட்டு ஆண்டவரின் நிறைவைப் பேசினால், அவர் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவார் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

தக்கலையில் துணிக்கடை வைத்திருந்த ஓர் இஸ்லாமியப் பெரியவரிடம் நான் பட்டது சிறிய பாடம், ஆனாலும் மறக்க முடியாதது. தமிழில் ஞானப்பாடல்கள் பாடிய பீர் முகம்மது அப்பா அடங்கிய ஊர் அது. அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் இரவு முழுவதும் பாடுவார்கள். அந்தப் பாடல்களில் தோய்ந்த ஒருவரிடம் நான் திரித்துவத்தை விளக்கப் போனேன். தண்ணீர், நீராவி, ஐஸ் மூன்றும் ஒன்றே என்று ஓய்வுநாள் பாடசாலையில் கற்ற உவமையை எடுத்துவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, "கடவுளுக்கே ஐஸ் வைக்கியா தங்கச்சி?" என்றார். நானும் சிரித்துவிட்டேன். குழந்தைகளுக்குச் சொல்லும் உவமையை, நாற்பது ஆண்டுகள் ஐந்து வேளை தொழுத மனிதரிடம் நீட்டியது எவ்வளவு பெரிய அசட்டை! அன்றிலிருந்து அவரிடம் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, அவர்கள் ஈசா நபி என்று அழைக்கும் இயேசுவைப் பற்றியும் மரியமைப் பற்றியும் என்ன அறிந்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்னுடைய ஜெப வாழ்வில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். நோன்புக் கஞ்சி ஒவ்வோர் ஆண்டும் வந்தது.

எங்கள் வட்டாரத்தில் மனிதர்களுக்கு ஏற்ப நடந்துகொள்ளுதல் என்ற பேச்சு வந்தால், பவுலின் 'நான் எல்லாருக்கும் எல்லாமானேன்' என்ற வார்த்தையை உடனே எடுப்பார்கள். அந்த வார்த்தையை ஒரு தந்திரமாகப் படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காவி உடுத்தலாமா, பொட்டு வைத்துக்கொண்டு போகலாமா, சபையின் பெயரைச் சொல்லாமல் கூட்டம் போடலாமா என்றெல்லாம் யோசிப்பார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி சந்நியாசி கோலம் பூண்டதை உதாரணம் காட்டுவார்கள். அவர் அந்தக் கோலத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். சைவ உணவும் தமிழும் சமஸ்கிருதமுமாக வாழ்ந்தவர். மாலை ஒரு மணி நேரத்துக்கு உடை மாற்றிக்கொள்வதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தால், பவுல் முதலில் சொல்வது தன்னை எல்லாருக்கும் அடிமையாக்கினேன் என்பது. அடிமைக்கு வேஷம் போட நேரம் ஏது? எந்த வீட்டுக்குள் போனாலும் நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்பதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவது என் வழக்கம். மறைத்து வைத்துப் பிறகு வெளிப்படுத்தும் விசுவாசத்தை, ஏமாற்றப்பட்டதாகவே மனிதர்கள் உணர்கிறார்கள்.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் எழுதவேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, குளச்சல் பக்கத்து முகாம் ஒன்றுக்கு நிவாரணப் பொருள்களோடு போன குழு ஒன்றில் நானும் இருந்தேன். எங்களுக்குத் தரப்பட்ட ஒவ்வொரு பையிலும் அரிசி, பருப்பு, ஒரு போர்வை, கூடவே ஒரு கைப்பிரதி. அதை உள்ளே வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை, சரியென்றே நினைத்தேன். முக்காடிட்ட ஒரு பெண் பையைத் திறந்து பார்த்து, கைப்பிரதியை மட்டும் இரண்டு விரல்களால் எடுத்து என்னிடம் நீட்டி, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அரிசிய வச்சுக்கலாமா?"

இருபது ஆண்டுகளாக அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. அந்தப் பெண் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அனுமதி கேட்டார். பசித்திருக்கும் ஒருவரின் கையில் நாம் ஒரு நிபந்தனையை வைத்துவிட்டோம், அதை நிபந்தனை என்று எழுதாமலேயே. அன்று மாலை மீதமிருந்த பைகளிலிருந்து கைப்பிரதிகளை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது பெரிய வாக்குவாதம் நடந்தது. ஆத்தும ஆதாயத்துக்கு ஆண்டவர் திறந்த வாசலை அடைக்கிறாயா என்று கேட்டார்கள். நான் வாதாடி வெல்லவில்லை. என் பங்குக்கு வந்த பைகளில் மட்டும் எடுத்துவிட்டேன். அதன் பின்னர் நான் கைக்கொள்ளும் விதி: கொடுக்கும் நாளில் பேசுவதில்லை, பேசும் நாளில் கொடுப்பதில்லை. நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் மிஷன் மருத்துவமனைகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து செய்த பணியைப் பற்றிப் பெருமையோடு பேசுகிற நாங்கள், மருந்துக்கும் மதத்துக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளியைப் பற்றியும் பேசவேண்டும்.

இதன் தொடர்ச்சிதான் மருத்துவமனைச் சந்திப்பும். ஞாயிறு மாலைகளில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒருவரின் கட்டிலருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவரால் திருப்ப முடிந்தது முகம் ஒன்றுதான். எழுந்து போக முடியாத ஒருவரிடம் என் விசுவாசத்தைப் பேசுவது பகிர்வாகாது என்பது அந்தக் கணத்தில் எனக்குத் தெளிவாயிற்று. இப்போது கட்டிலருகே போனால், ஏதாவது வாங்கி வரவேண்டுமா, வீட்டுக்குத் தகவல் சொல்லவேண்டுமா என்றுதான் கேட்பேன். ஜெபிக்கச் சொல்லி அவராகக் கேட்டால் ஜெபிப்பேன். அதையும் தாழ்ந்த குரலில், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பி வராதவர்களைத் தேடச் சொல்லி மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த நாள்களில், நாங்கள் ஆறு பேர் கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஆறுதல் சொல்லப் போனோம். அந்தக் கரையின் மக்கள் 1544இல் பிரான்சிஸ் சவேரியார் கையால் திருமுழுக்குப் பெற்றவர்களின் வழியினர். மன்றாட்டுகளைப் பிறர் உதவியோடு தமிழாக்கி மனப்பாடம் செய்து அவர் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து பார்த்தால், 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு உருவான எங்கள் சபைகளைவிட அவர்கள் இரண்டரை நூற்றாண்டு மூத்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் எதைப் 'பகிர' முடியும் என்று போகும் வழியிலேயே யோசித்திருக்க வேண்டும். மகனைக் காணாத ஒரு தாயின் முன்னால் உட்கார்ந்ததும், எங்களில் ஒருவர், எல்லாம் தேவனுடைய சித்தம் என்று தொடங்கினார். அந்த அம்மா சுவரில் இருந்த வியாகுல மாதா படத்தைக் கைகாட்டி, "பிள்ளையப் பறிகுடுத்தது அவளுக்குத் தெரியும். நீங்க போங்க" என்றார். மாதா வணக்கத்தைப் பற்றி எங்கள் சபையில் கற்றுத் தந்த மறுப்புகள் எல்லாம் எனக்கும் தெரியும். அந்த அறையில் அவற்றுக்கு வேலையே இல்லை.

இரண்டு நாள் கழித்து நான் தனியாகப் போனேன். பந்தலில் கஞ்சி காய்ச்சும் பெண்களோடு சேர்ந்து பாத்திரம் கழுவினேன். மாலையில் அவர்கள் செபமாலை சொல்லும்போது ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து துயரத்தில் கிடந்த யோபின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்ததுதான். எட்டாம் நாள் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்தார்கள்.

யோபின் கதைக்கு எங்கள் மாவட்டத்தில் இன்னோர் இடமும் உண்டு. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், தம்மோடு பணிபுரிந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை அடுத்தடுத்த இழப்புகளால் துவண்டிருந்தபோது அவருக்கு யோபின் கதையைச் சொன்னார் என்பது மரபுவழிச் செய்தி. அந்த நீலகண்ட பிள்ளைதான் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனவர். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்டு, 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்டவர். டிலனாய் கையில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை எவ்வளவோ இருந்திருக்கும். எதிரே இருப்பவருடைய முகத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளோடு வழக்காடிய ஒருவரின் கதையை அவர் தேர்ந்தெடுத்தார். அவரும் தோற்றுக் கைதியானவர் என்பதால் அந்தக் கதை அவர் வாயிலிருந்து வந்தபோது கேட்கத் தகுந்ததாயிருந்தது. கடற்கரையில் அந்தத் தாய்க்கு அதே யோபின் கதையைச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை.

செங்கல் சூளைகளிலும் ஓட்டல்களிலும் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்தாரைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு இந்தி தெரியாது. வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவே.

எல்லாரையும்விடக் கடினமானவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். என் தங்கை மகன் திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். திடப்படுத்தல் எடுத்தவன், பாடகர் குழுவில் பாடியவன், ஐந்தாறு ஆண்டுகளாகச் சபைக்கு வருவதில்லை. அவனுக்காக நான் செய்தது, வாட்ஸ்அப்பில் நாள்தோறும் ஒரு வசனமும் ஓர் அற்புதச் செய்தியும் அனுப்பியதுதான். ஒரு முறை, வெள்ளத்தில் ஊரே மூழ்கியும் வேதாகமம் மட்டும் நனையாமல் கிடந்தது என்று ஒரு படத்தை அனுப்பினேன். அதே படம் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு நாட்டில், வேறு கதையோடு வெளிவந்திருந்ததை அவன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து அனுப்பினான். "பெரியம்மா, இது பொய்யின்னா மத்தது?" என்ற ஒரு வரியும் உடன் வந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடத்தான் முதலில் தோன்றியது. இரண்டு நாள் கழித்து, குடும்பக் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி, நான் சரிபார்க்காமல் அனுப்பியது தவறு என்று எழுதினேன். அதன் பிறகு செய்திகளை அனுப்புவதை நிறுத்திவிட்டேன். அவனாக ஞாயிறு மாலைகளில் தொலைபேசியில் பேச ஆரம்பித்தான். அவன் கேட்கும் கேள்விகள் எவையும் என் கைப்பிரதிகளில் இல்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன், உண்மையிலேயே படிக்கிறேன்.

சென்ற மாதம் பேச்சுவாக்கில் நல்லமிளகுப் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். சிறுவயதில் அவன் அவரைப் பார்த்திருக்கிறான். அவர் முற்றத்தில் கொய்யாக்காய் பறித்திருக்கிறான். அவர் கடைசிவரை திருநீறு பூசியவர். கடைசிவரை அந்தச் சங்கீதத்தையும் சொன்னவர். படுக்கையில் இருந்தபோது என்னைக் கூப்பிட்டனுப்பி வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடியபடி கூடவே உதடசைத்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: "பெரியம்மா, உங்க கணக்குப்படி அந்தப் பாட்டி இப்போ எங்க?"

முப்பது ஆண்டுகளுக்கு முந்திய நான் உடனே ஒரு வசனம் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாது என்றேன். அந்தக் கோலும் தடியும் யாரைத் தேற்றும் என்று முடிவு செய்யும் இடத்தில் நான் இல்லை என்றும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன், "சரி, அடுத்த ஞாயிறு அந்தச் சங்கீதத்த எடுத்து வையுங்க. சேர்ந்து படிப்போம், நீங்க விடுற வரிய நான் சொல்லுகேன்" என்றான்.